பதினேழாவது வரி

மார்ச் 3, திங்கள்

கோபம் வரும்போது வாயைத் திறக்காமல் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இரத்த அழுத்தம் நூற்று அறுபதில் நிற்கிறது. இருநூறு பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு அது ஒரு மாதம் தாங்கினால் பெரிது.

இன்றைக்கு சுதர்சன். என்னைவிட எட்டு வயது சின்னவன், எனக்கு மேலதிகாரி. எங்கள் கம்பெனி குளிர்கிடங்குகளுக்குக் காவல் பெட்டி செய்கிறது. அறையில் சூடு ஏறினால் பெட்டி மணியடிக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் பிறவிப் பயன். போன மாதம் ஓசூரில் ஒரு பூக் கிடங்கில் மணி நாற்பத்தெட்டு விநாடி தாமதமாக அடித்திருக்கிறது. ஏன் என்று தோண்டினால், பெட்டி வேறு வேலையில் மும்முரமாக இருந்திருக்கிறது. தன்னைப் பற்றியே கணக்கெடுக்கும் வேலை. எத்தனை தடவை தூங்கினேன், எத்தனை தடவை விழித்தேன், எந்தக் கம்பியில் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று நொடிக்கு நொடி இருநூற்றுப் பன்னிரண்டு எண்கள். பெட்டியின் சக்தியில் நூற்றுக்கு நாற்பத்தொன்று இதற்கே போகிறது.

"யாருமே பாக்கறதில்ல மேடம். தூக்கிடுங்க. ஆனா கஸ்டமர் சைடுல எதுவும் உடையக்கூடாது" என்றான். குழம்பு வைக்க வேண்டும், அடுப்பு எரியக் கூடாது.

மார்ச் 5, புதன்

சிக்கல் இதுதான். பெட்டி அந்த எண்களை வரிக்கு ஒன்றாகப் பட்டியல் போட்டுக் காட்டும். வாடிக்கையாளர்கள் சிலர் வைத்திருக்கும் பழைய மென்பொருள்கள் பட்டியலை வரி எண்ணை வைத்துத்தான் படிக்கின்றன. இந்த எண்களுக்குக் கீழே இருநூற்று ஐம்பதாவது வரியில் வெப்பம், இருநூற்று எழுபதில் மின்சாரம் என்று. நடுவில் ஒரு வரியை உருவினால் அத்தனையும் மேலே ஏறிவிடும், வெப்பத்தை மின்சாரம் என்று படித்துத் தொலைக்கும். அதனால் வரிகள் அப்படியே இருக்கும். எண்ணுவதை மட்டும் நிறுத்திவிட்டு எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டுவிடுவோம். யோசனை என்னுடையது. சுதர்சன் மேலிடத்தில் தன்னுடையது என்று சொல்லிவிட்டான். சொல்லிக்கொள்ளட்டும்.

அறுபத்து மூன்று கிடங்குகளுக்கும் மெயில் போயிற்று. "பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் இந்த எண்கள் தங்களுக்குப் பயன்படவில்லை என்று கொள்வோம்." இந்த வாக்கியம் சுதர்சன் எழுதியது.

வீட்டில் தோசை மாவு புளித்துவிட்டது. அதற்கும் கோபம் வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். குப்பை. ஒருவன் வைத்தான், அடுத்தவன் தொடப் பயந்தான், அதற்கடுத்தவன் தானும் நாலு சேர்த்தான். அலுவலகம் என்றால் இப்படித்தான்.

பதினேழாவது வரி கதவுச் சுவிட்ச் பெட்டியை எத்தனை முறை எழுப்பியது என்ற எண். எழுப்பினால் என்ன, எழுப்பாவிட்டால் என்ன. பக்கத்தில் "பு. கேட்டது" என்று ஒரு குறிப்பு. யார் இந்த பு.? சோதனைப் பிரிவில் ஒரு புவனா இருந்தாள், கனடா போய்விட்டாள். அவளாகத்தான் இருக்கும். என்ன ஏது என்று ஒரு வரி எழுதி வைக்கத் துப்பில்லாமல் "பு. கேட்டது" என்று எழுதிய மடையன் யார் என்று பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

அந்த ஒன்றுக்கு மட்டும் செலவு அநேகமாக இல்லை. விட்டு வைக்கலாம்தான். ஆனால் களை எடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டால் பார்க்கிறவன் என்ன சொல்வான்? எடுத்தேன்.

மார்ச் 20, வியாழன்

கெடு முடிந்தது. ஏழு பதில்கள். ஐந்தில் "நன்றி, கவனத்தில் கொண்டோம்". ஒன்று விடுமுறையில் இருப்பதாகத் தானாக வந்த பதில். இன்னொன்றில் ஒருவர் எனக்கு மகளிர் தின வாழ்த்துச் சொல்லியிருக்கிறார், அதுவும் பன்னிரண்டு நாள் கழித்து.

அறுபத்து மூன்று இடத்துக்கும் போனும் போட்டுக் கேட்டாயிற்று. யாருக்கும் வேண்டாம்.

மார்ச் 24, திங்கள்

புதிய பதிப்பு எல்லாப் பெட்டிகளுக்கும் போய்விட்டது. நாற்பத்தொன்றாக இருந்த சுமை ஆறாக இறங்கியது. ஓசூரில் மணி ஒரு விநாடிக்குள் அடிக்கிறது. ஒரு மென்பொருளும் உடையவில்லை, ஒருவரும் கத்தவில்லை. சுதர்சன் கேக் வெட்டினான். எனக்கு வந்த துண்டில் கிரீம் மட்டும்தான் இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

வீட்டிலிருந்து வேலை. தூத்துக்குடி இறால் கிடங்கிலிருந்து நேற்று ஒரு புகார் வந்தது: எண் ஓடவில்லை. "பழுது இல்லை, இப்படித்தான் இருக்கும்" என்று எழுதி முடித்து வைத்தேன். இன்று புகார் சொன்ன அம்மாள் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். உதவி மையத்துப் பெண் தாங்க முடியாமல் என்னிடம் தள்ளிவிட்டாள்.

"ம்மா, அந்தப் பதினேழாம் எண்ணு நகரவே மாட்டேங்கு. பூஜ்யத்துலயே நிக்கி."

"நிக்கத்தான் செய்யும். அத எடுத்தாச்சு."

"எடுத்தா காணாமல்லா போணும்? இது பூஜ்யம்னுல்லா காட்டுது."

"பழைய சாஃப்ட்வேர் உடைஞ்சிரக் கூடாதுன்னு அப்பிடி வச்சிருக்கோம். நீங்க அதப் பாக்காண்டாம்."

"இல்லம்மா, நாங்க அத வச்சித்தான்..."

ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் தண்ணீர் லாரி வந்துவிட்டது. மூன்றாம் மாடிக்காரன் எப்போதும்போல முதலில் தன் தொட்டிக்குக் குழாயைப் போட்டான். அவனோடு அரை மணி நேரம் சண்டை.

ஊர்ப்பக்கத்துப் பேச்சைக் கேட்டு நாளாயிற்று. வீரவநல்லூரை விட்டு வந்து இருபத்து நாலு வருடம் ஆனாலும் அந்தப் பக்கத்துக் குரல் கேட்டால் என் நாக்கும் தானாகத் திரும்பிக்கொள்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

தூத்துக்குடியில் நேற்று ஒரு பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். முப்பத்தைந்து நிமிடம். உயிரோடு இருக்கிறாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அழுத்தம் நூற்று எழுபத்தெட்டு. எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவு. அந்தக் கிடங்கில் ஒரு சின்ன அறை, மைனஸ் முப்பது டிகிரி உறைகுளிர். ஒரு நேரத்தில் ஒருத்திதான் உள்ளே போகலாம் என்பது அவர்கள் சட்டம். போகிறவள் கதவைத் திறந்து போய் அடைத்துக்கொள்ள வேண்டும், வரும்போது திறந்து வந்து அடைக்க வேண்டும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் பெட்டியை எழுப்பும், ஆகவே அந்த எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் அறை காலி. ஒற்றையாக இருந்தால் ஒருத்தி உள்ளே இருக்கிறாள். மேற்பார்வை பார்க்கிறவர் பெரிய விசிறியைப் போட்டு வெளியே பூட்டுமுன் திரையில் எங்கள் பட்டியலின் பதினேழாவது வரியைப் பார்ப்பார். கடைசி எண் ஒத்தையா, ரெட்டையா. பதினொரு வருடமாக இப்படி.

பூஜ்யம் இரட்டை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான மேற்பார்வைக்கார அம்மாள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். எண் நின்றுபோனதிலிருந்து அவர் கதவுப் பலகையில் சாக்பீஸால் கோடு போட்டுச் சமாளித்து வந்திருக்கிறார். மாற்று ஆளுக்கு அது தெரியாது. சுவரில் எழுதியிருந்த சட்டத்தைப் படித்தார், திரையைப் பார்த்தார், பூஜ்யம், பூட்டினார். உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும் குமிழ் பனியில் இறுகிப்போயிருந்தது. வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்ததைக் கூட்டுகிற பெண் பார்த்துக் கேட்டதால் திறந்தார்கள்.

காலையில் கூட்டம். சுதர்சன் அறிக்கையைத் தயாராக எழுதி வைத்திருந்தான். "ஆவணத்தில் இல்லாத பயன்பாடு. வாடிக்கையாளருக்கு முன்னறிவிப்புத் தரப்பட்டது." என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான்.

"ஒரு பொம்பள செத்திருப்பா, சுதர்சன். ஆவணமாம்."

"நானும்தான் மேடம் தூங்கல. ஆனா குமிழ் உறைஞ்சது அவங்க தப்பு. மெயிலப் பாக்காதது அவங்க தப்பு. நம்ம ப்ராடக்ட் எதுவுமே உடையலயே."

"உடைஞ்சிருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவன் அறிக்கையை என் பக்கம் நகர்த்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அந்தப் புகார் டிக்கெட்ட க்ளோஸ் பண்ணது நீங்க மேடம். அதையும் எழுதணும்னா எழுதிடலாம்."

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன். தப்பு யார் மேல் என்று ஊருக்கே தெரியும். என் மேல் தப்பில்லை. மெயில் அனுப்பினேன், போன் போட்டேன், எல்லாம் செய்தேன்.

ஏப்ரல் 9, புதன்

நெல்லையப்பன், என் கணவர், ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்: "அறுபத்து மூணு இடத்துக்குமா போன் போட்ட?" அவருக்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பதினொரு இடத்துக்குப் போட்டேன். அதுவும் தலைமை அலுவலகங்களுக்கு. குளுகுளு அறையில் உட்கார்ந்திருப்பவனிடம் உறைகுளிர் அறையின் எண்ணைப் பற்றிக் கேட்டேன். பன்னிரண்டாவது எண்ணை அழுத்தும்போது சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. "பதில் வராவிட்டால்" என்ற அந்த வாக்கியம் சுதர்சன் எழுதியதல்ல.

"பு. கேட்டது" என்று எழுதிய மடையனின் பெயர் பதிவில் உலகம்மாள் என்று இருந்தது. நான். பதினொரு வருடத்துக்கு முன்னால்.

பு. என்றால் புஷ்பம். கனடாக்காரி புவனா வேலைக்குச் சேர்ந்ததே அதற்கப்புறம்தான். தூத்துக்குடியில் பெட்டி மாட்டப் போனது நான். புஷ்பம் அக்கா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின வருடம் ஒருத்தி அந்த அறையில் மாட்டிச் செத்துப்போனதைச் சொன்னார். "கதவு எத்தன வாட்டி தொறந்திச்சுன்னு மட்டும் உங்க பெட்டி சொல்லுமா?" என்று கேட்டார். சொல்லும் என்றேன். ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து இரண்டே வரி நிரல் எழுதிச் சேர்த்தேன். மத்தியானம் பாரை மீன் பொரித்துக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அவர் பெயரை முழுதாக எழுதச் சோம்பல்பட்டு "பு." என்று போட்டேன்.

லாரி வந்தது பொய்யில்லை. ஆனால் லாரிக்கு முன்னால் நான் போனில் அந்த அம்மாளிடம் சொன்னதை எழுதாமல் விட்டேன். "யாரும் பாக்காத எண்ணு அது. எனக்குத் தெரியாதா? எழுதுனதே நாந்தான்." அவர் "சரிம்மா" என்று வைத்துவிட்டார். பெயரைக் கூட நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

தூத்துக்குடி. அலுவலகத்தில் சொல்லாமல் வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண், முத்துக்கனி, முப்பது வயதிருக்கும், இடது கையில் பெரிய கட்டு. மோதிர விரலும் சுண்டு விரலும் நுனி கறுத்துவிட்டதால் வெட்டியிருக்கிறார்கள். எண்ணை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாங்கிப் போன ஆப்பிளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

வராந்தாவில் புஷ்பம் அக்கா. தலை நரைத்துவிட்டது.

"ரெண்டாம் வாட்டி பேசுனப்பவே குரலு தெரிஞ்சிட்டு எனக்கு" என்றார். "போட்டுத் தந்த பிள்ளையே சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டேன். வேற யாரும் சொல்லிருந்தா விட்டுருக்க மாட்டேன். மேல மொதலாளி வரைக்கும் போயி நின்னு கத்திருப்பேன்."

"திட்டுங்கக்கா."

"திட்டி? வெரலு மொளைக்குமா? நானும் கல்யாணத்துக்குப் போறப்போ அந்த ஆளுகிட்ட சாக்பீஸப் பத்தி சொல்லாமப் போயிட்டேன். என்னைய யாரு திட்ட?"

பிறகு கிடங்குக்குக் கூட்டிப் போய்த் திரையைக் காட்டினார். கண்ணாடியில் பதினேழாவது வரிக்கு நேராக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. முத்துக்கனி தன் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியது, யாருக்கும் வரி தப்பிவிடக் கூடாது என்று. நான் அந்த வரியை உருவியிருந்தால் பொட்டுக்கு நேரே ஏதோ சம்பந்தமில்லாத எண் வந்து எல்லோரும் குழம்பி நின்றிருப்பார்கள். உருவவில்லை. வரி அசையாமல் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பொட்டு இம்மிகூட விலகவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பதினேழாவது வரி மறுபடி எண்ணுகிறது. பெட்டியின் சுமை ஆறிலேயே நிற்கிறது. ஒரு இழைகூட ஏறவில்லை.

மற்ற இருநூற்றுப் பதினொன்றில் பூஜ்யத்தை எடுத்துவிட்டு "இல்லை" என்று போட்டேன். சுதர்சன் பதறினான்.

"எண் வர்ற எடத்துல எழுத்து வந்தா பழைய சாஃப்ட்வேர்லாம் நின்னுடும் மேடம்."

"நிக்கட்டும். காலைல பத்து மணிக்கு, எல்லாரும் முழிச்சிருக்கறப்ப, நாம அஞ்சு பேரும் போன் பக்கத்துல உக்காந்திருக்கறப்ப நிக்கட்டும். எவன் கத்துறானோ அவன் பாக்கறான்னு அர்த்தம்."

"யார் பொறுப்பு?"

"எழுதிக்கோங்க. உலகம்மாள்."

பதினோரு மணிக்குள் நான்கு இடத்திலிருந்து கத்தினார்கள். திண்டுக்கல்காரர் என் பரம்பரையையே இழுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டு வாங்கும்போது அழுத்தம் ஏறவில்லை. நான்கு பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: எந்த வரி, எதற்காகப் பார்க்கிறீர்கள்? மூன்று பேர் சொன்னதைச் சரி செய்தோம். ஒருவருக்குக் காரணமே தெரியவில்லை, ஆனாலும் வேண்டும் என்றார். கொடுத்தேன்.

மீதி இடங்களுக்கும் போன் போட ஆரம்பித்தோம். இந்தத் தடவை கிடங்குக்குள் நிற்கிறவர்களுக்கு. நான்கு நாள் ஆகும். ஆகட்டும்.

சாயங்காலம் சுதர்சன் திருத்திய அறிக்கையைக் கொண்டுவந்தான். புகாரை விசாரிக்காமல் மூடியது என் பெயரில் இருந்தது. மெயிலைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தது தன் பெயரில் என்று அவனே சேர்த்திருந்தான். இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

மே 17, சனி

மறுபடி தூத்துக்குடி. அக்னி நட்சத்திரம், ரோட்டில் தார் இளகுகிறது.

முத்துக்கனி வேலைக்குத் திரும்பிவிட்டாள். கட்டுப் பிரித்தாயிற்று. அறைக்குள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம், திரைப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். எண் சரியாக ஓடுகிறது என்று ஒரு மாதமாக புஷ்பம் அக்கா சொல்கிறார். அவள் மட்டும் நம்பவில்லை. சாக்பீஸ் கோட்டையும் விடவில்லை.

"நான் உள்ள போறேன்" என்றேன். "நீயே கதவ அடை. திரையப் பாரு. ஒத்த வந்தாத் தொற. வரலன்னா எனக்கு வேண்டியதுதான்."

புஷ்பம் அக்கா வேண்டாம் என்றார். முத்துக்கனி எழுந்து வந்தாள். கனத்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள், கையுறையைக் கொடுத்தாள். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு அவர்கள் பூட்ஸை மாட்டிக்கொண்டேன். கதவு அடைந்தது.

உள்ளே மஞ்சள் விளக்கு, இறால் பெட்டிகள், மூச்சு விட்டால் மேலுதட்டுப் பூனைமயிரில்கூட உறைகிறது. குமிழைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள், தள்ளினால் திறக்கும். தொடவில்லை. கைபேசியில் நேரம் பார்த்தேன். எண் மாற ஒரு விநாடி. அதைப் பார்த்துவிட்டு எழுந்து வர அரை நிமிடம்.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு. நிரலை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன், எங்கே தப்பு விட்டேன் என்று. மூன்றாவது நிமிடத்தில் கால் விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. மூன்று நிமிடத்துக்கே இப்படி. முப்பத்தைந்து. பயம் வந்தது. அதை இத்தனை பக்கத்தில் எங்கும் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

நான்காவது நிமிடம் கதவு திறந்தது. வாசலில் முத்துக்கனி நின்றாள். அவளுக்குப் பின்னால் புஷ்பம் அக்கா முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எண்ணு வரலயா?" என்று கேட்டேன். பல் தந்தியடித்தது.

"ஒடனே வந்திச்சு. ஒத்த" என்றாள் முத்துக்கனி. "நாந்தான் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிறகு குனிந்து என் செருப்பை எடுத்து என் காலடியில் போட்டாள். கதவை அடைத்தாள். திரைக்குப் போய்ப் பொட்டுக்கு நேரே பார்த்து, "ரெட்ட" என்றாள்.